தரையில் பழகும் பனித்தாவல்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கனடா தேசத்து மான்ட்ரியால் நகரில் நடைபெறவிருந்த உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி கொரோனா நோயின் காரணமாக ரத்துச் செய்யப்பட்டது. அதையடுத்து மேல்நாடுகளில் பனித்தளங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. விடியுமுன்பே பனியில் இறங்கிப் பழகியிருந்த வீரர்களும் வீராங்கனைகளும், வேறு வழியின்றி, வீட்டுக் கூடத்திலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் சாதாரணக் கான்வாஸ் காலணியை மாட்டிக்கொண்டு தாவியும் சுழன்றும் தங்கள் வித்தையை மறந்துபோகாமல் காத்துக்கொண்டார்கள். தரையில் தாவிப் பழகுவது அன்று புதிதாகத் தோன்றிய வழக்கமன்று. எந்தச் சர்வதேசப் போட்டியிலும், தம் முறை வருவதற்கு முன்னால் அரங்கின் பின்புறத்துத் தாழ்வாரத்தில், காதில் சங்கீதம் கேட்டபடி, ஆடப்போகும் தாவல்களையெல்லாம் ஒருமுறை தரையிலே ஆடிப் பார்த்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களைக் காணலாம். ஆயினும், ஆசிரியரின் கண்ணெதிரே நடந்துவந்த இந்த அப்பியாசம் தனிமையில் வீட்டுக்குள் புகுந்தபோது, அதன் பயனோடு அபாயமும் சேர்ந்தே புகுந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

இவ்வாட்டத்தில் பெயர்பெற்ற தாவல்கள் ஆறு. டோ லூப், ஃபிளிப், லட்ஸ் ஆகிய மூன்றும், ஒரு காலின் விளிம்பில் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே மறுகாலின் காலணிக்கு அடியிலுள்ள கத்தியின் முனைப் பற்களைப் பனியில் ஊன்றி எழும்புபவை. சால்கோ, லூப், ஆக்சல் ஆகிய மூன்றும் அவ்வாறு ஊன்றாமல், கத்தியின் விளிம்பைக்கொண்டே எழும்புபவை. இவற்றுள் ஆக்சல் ஒன்றுதான் முன்னோக்கிய முகத்தோடு கிளம்புவது. எல்லாத் தாவல்களுமே பின்னோக்கிச் சறுக்கியபடி முடிய வேண்டியவையாதலால், ஆக்சலுக்கு மட்டும் அரைச்சுற்று அதிகமாகிவிடுகிறது. 1882-இல் வியன்னாவில் இதை முதன்முதலாகச் செய்துகாட்டிய நார்வே நாட்டு ஆக்சல் பால்சனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1952-இல் ஆஸ்லோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டிக் பட்டன் மூன்று சுற்றுத் தாவலைப் போட்டியில் முதன்முதலாக நிறைவேற்றினார். 1988-இல் புடாபெஸ்டில் கனடா வீரர் கர்ட் பிரவுனிங் நான்கு சுற்றை எட்டினார். 2022 செப்டம்பரில், லேக் பிளாசிட் நகரில், பதினேழே வயதான இலியா மாலினின் நான்கரைச் சுற்று ஆக்சலையும் செய்து முடித்துவிட்டார். ஒவ்வொரு சுற்றும் கூடக்கூட, அதற்கான பயிற்சியின் பாரமும் இளம் உடல்களின் மீது கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் முன்னாளில் மணிக்கணக்காகச் செலவிட்டுவந்த, பனியில் வட்டங்களைக் கீறிப் பழகும் கட்டாயப் பிரிவு 1990-ஆம் ஆண்டோடு உலகப் போட்டிகளினின்றும் நீக்கப்பட்டபின், அந்த நேரமும் பெரும்பாலும் தாவல்களுக்கே போய்ச் சேர்ந்தது.

இத்தாவல்களில் காலத்துக்கு எவ்வளவு நெருக்கடி என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் தரையினின்றும் சுமார் 45 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால், கிளம்பிய கணத்திலிருந்து மீண்டும் தரையைத் தொடும் கணம்வரை அவருக்குக் கிடைப்பது 0.6 விநாடியே. அதற்குள் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டுமானால் நிமிஷத்துக்கு 300 சுற்று என்னும் வேகம் வேண்டும். அந்த வேகம் கைகளை வீசுவதால் வருவதன்று. வீசிய கைகளை மார்போடு இறுக்கி, கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, சரீரத்தை மெல்லிய தூணாக ஒடுக்கிக்கொள்வதால் வருவது. உடல் எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவுக்குச் சுழற்சி விரைகிறது என்பது பௌதிக விதி. உயரம் தாண்டுவதைக் காட்டிலும், இவ்வாறு ஒடுங்குவதையும், பிறகு தக்க கணத்தில் விரிவதையும் உடலுக்குக் கற்பிப்பதே தரைப் பயிற்சியின் முதன்மையான பயன். பனியில் இதைக் கற்கத் தொடங்குபவன் வழுக்கலுக்கும் வேகத்துக்கும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்துக்கும் இடையே மனத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது. தரையிலோ ஒரே விஷயத்தில் கருத்தைச் செலுத்தலாம்.

ஆனால் தரை, பனிக்குப் பதிலாளாக இருக்க முடியாது. சில விதங்களில் அது பனியைக் காட்டிலும் கடுமையானது. இதை உணராமையே பெரும்பாலான காயங்களுக்குக் காரணமென்பது என் அபிப்பிராயம். பனியில் வந்திறங்குபவருக்கு முன்னமே சறுக்கிவந்த வேகம் மிச்சமிருக்கிறது. கால் தொட்டவுடன் அவர் நின்றுவிடாமல், நீண்ட வளைவாகப் பின்னோக்கி வழுக்கிச் செல்வதனால், இறங்கிய அதிர்ச்சியில் ஒரு பங்கு அந்த ஓட்டத்தோடு போய்விடுகிறது. அங்ஙனம் போனபின்பும், இறங்கும் காலின்மேல் உடல் எடையைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு விசை விழுகிறது என்று கூறுவர். தரையில் வழுக்கிச் செல்ல வழியே இல்லை. அதைவிட முக்கியமானது சுழற்சியைப் பற்றியது. பனியில் சுற்று சற்றுக் குறைவாக முடிந்தாலும் கத்தி திரும்பிக் கொடுக்கும்; தரையிலோ, ரப்பர் அடியுள்ள காலணி தரையைக் கவ்விக்கொள்ள, உடல் மட்டும் மேலே இன்னும் சுழன்றுகொண்டிருக்க, அந்த முறுக்கு முழுவதும் கணுக்காலிலும் முழங்கால் தசைநார்களிலும் போய் இறங்குகிறது. அன்றியும், பனியில் கிளம்பும்போது கத்தி பனியை விடுமுன்பே உடல் ஓரளவு திரும்பிவிடுவதும், சறுக்கிவந்த வேகத்தில் ஒரு பகுதி உயரமாக மாறுவதும் உண்டு. தரையில் அவ்வுதவிகள் இல்லாமையால், பனியில் இரண்டு சுற்றை எளிதாக முடிப்பவர் தரையில் ஒன்றரைக்கே திணறுவதைக் காணலாம். அதை அவமானமாக எண்ணி, பனியில் முடிந்த கணக்கையே தரையிலும் எட்டிவிட வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பது தவறு. தரையில் எத்தனை சுற்று என்று எண்ணுவதே வேண்டாத வேலை. எப்படி எழும்பினோம், எப்படி இறங்கினோம் என்று பார்ப்பதே போதும்.

ஆகவே நல்ல ஆசிரியர்கள் இறங்குவதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறார்கள். இடப்புறமாகச் சுழலும் ஆட்டக்காரர் வலக்காலில் இறங்குவார், பெரும்பான்மையோர் அவ்வாறே. அவர் தரையைத் தொடும்போது முன்பாதத்தின் மேட்டுப்பகுதி முதலில் பட்டு, பிறகு குதிகால் மெல்லப் படிய வேண்டும். அதே கணத்தில் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் ஒருங்கே மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். முழங்கால் உட்புறமாகச் சாய்ந்துவிடாமல் பாதத்தின் நடுவிரலுக்கு நேராக நிற்க வேண்டும். இடக்கால் பின்னே நீண்டிருக்க, கைகள் இரண்டும் தோளுக்குச் சற்றுத் தாழ்வாகப் பக்கங்களில் விரிந்திருக்க, பார்வை கீழே கவியாமல் எதிரே நிலைத்திருக்க, அந்த நிலையில் மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்பது சிறுபயிற்சி போலத் தோன்றலாம். ஆனால் அவ்வாறு நிற்க இயலாதவருக்குச் சுற்றுத் தாவல் செய்யும் தகுதி இன்னும் வரவில்லை. இறங்கும் ஓசையைக் கேட்டே தேர்ந்த ஆசிரியர் பிழையைச் சொல்லிவிடுவார். தொம்மென்று கேட்டால் மூட்டுகள் மடங்கவில்லை என்பது பொருள்.

இறக்கம் கைவந்தபின் சுழற்சி நிலை. வலக்காலில் நிமிர்ந்து நின்று, இடக்காலைக் கணுக்காலளவில் அதன் முன்னே குறுக்கிட்டுப் பின்னி, இரு கைகளையும் மார்பருகே ஒடுக்கி, தலையை இடத்தோளின் பக்கம் சற்றே திருப்பி, முதலில் நின்றபடியே அந்த ஒடுக்கத்தைத் தசைகள் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி பழக்க வேண்டும். பிறகு சுற்றில்லாமல் நேரே குதித்து இருகாலில் இறங்குதல், பின்னர் அரைச்சுற்று, பின்னர் முழுச்சுற்று, அதுவும் முதலில் இருகாலில் இறங்கி, பிறகே ஒற்றைக்காலில், அதற்கும் பிறகே வால்ட்ஸ் தாவலென்னும் முன்னோக்கிய அரைச்சுற்றும், அதன் வழியாக ஆக்சலும். ஒவ்வொரு படியிலும் மறவாமல் காக்க வேண்டிய விதியொன்றுண்டு: சுற்று முழுவதும் ஆகாயத்திலேயே முடிந்துவிட வேண்டும், தரை படுமுன்பே கைகால்கள் விரிந்து சுழற்சி அடங்கிவிட வேண்டும். முடியாதென்று தோன்றினால் முயற்சியை இடையிலே விட்டு இருகாலில் இறங்கிவிடுவது கோழைத்தனமன்று. அதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைகளில் ஒன்று. தாவல்களிலும் எல்லாம் தரைக்கு ஏற்றவையல்ல. லட்ஸ் தாவலின் உயிரே, ஒரு பக்கமாக வளைந்து சறுக்கிவந்து அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுழல்வதில் இருப்பதால், அந்த வளைவே இல்லாத தரையில் அதைச் செய்வது ஏறக்குறைய வேறொரு தாவலாகவே முடிகிறது. லூப் தாவலோ கால் பின்னிய நிலையிலேயே நேராக எழும்புவதாதலால் தரைப் பயிற்சிக்கு மிகவும் பொருந்தும்.

இடத்தைத் தேர்வதில் தாட்சண்யம் கூடாது. சிமெண்டுத் தரையும் ஓடு பதித்த தரையும் தாவலுக்கு ஆகா. அடியில் சிறிது இடம்விட்டு மரப்பலகை பாவிய நடனக்கூடம் உத்தமம். பனித்தளத் தாழ்வாரங்களில் விரித்திருக்கும் கனத்த ரப்பர் விரிப்பு அதற்கு அடுத்தபடி. புல்தரை மெத்தென்றிருந்தாலும் மேடுபள்ளத்தால் கணுக்காலைப் புரட்டிவிடும். மிகத் தடித்த பஞ்சுமெத்தையும் அவ்வாறே, பாதத்தை உள்வாங்கித் திருப்பிவிடும். தலைக்கு மேலும் நாற்புறமும் கையை நீட்டினால் எதுவும் தட்டாத இடமாக இருத்தல் அவசியம். காலணி, குதிகாலில் நல்ல மெத்தையும் கணுக்காலுக்குப் பிடிப்பும் உள்ளதாக இருக்க வேண்டும். வெறுங்காலிலும் வெறும் காலுறையிலும் தாவக் கூடாது.

சாதனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பின்னர் என்ற, உள்ளங்கால் அகலமேயுள்ள வளைந்த பலகையின்மேல் ஒற்றைக்காலில் நின்று சுழன்று அச்சின் நேர்மையைப் பழகலாம். ஆனால் அதன்மேல் குதித்து ஏறுவதும் அதிலிருந்து தாவுவதும் மண்டையைத் தரையில் மோதவைக்கும் செயல்கள். ஹார்னஸ் என்பது இடுப்பில் கட்டிய கச்சையைக் கிணற்றுக் கப்பியைப்போல் மேலே ஓடும் கயிற்றோடு பிணைத்து, ஆசிரியர் மறுமுனையைப் பிடித்துத் தாங்கும் ஏற்பாடு. அதன் துணையால் மாணவர் அச்சமின்றி முழுச்சுற்றை அனுபவித்துப் பார்க்கலாம். எனினும் கயிற்றை எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்று பயின்ற கை இல்லாதவிடத்தில், அக்கருவி இருப்பதைவிட இல்லாதிருப்பதே நன்று. டிராம்பொலினைப் பொறுத்தவரை, வீடுகளில் குழந்தைகள் அதைப் பொழுதுபோக்காக உபயோகிப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே ஆதரிக்கவில்லை என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். எளிய செல்போன் ஒன்று இவையெல்லாவற்றிலும் பயனுள்ளது: தாவலைப் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கை எந்தக் கணத்தில் விரிந்தது, முழங்கால் எப்பக்கம் சாய்ந்தது என்பதெல்லாம் கண்ணாடிபோல் தெரிந்துவிடும்.

தாவலுக்கு முன்னால் உடலைச் சூடேற்றாமல் இறங்குவோர் பலர். பத்துப் பதினைந்து நிமிஷம் மெல்லோட்டமும் ஸ்கிப்பிங்கும் செய்து, இடுப்பையும் கணுக்காலையும் அசைத்துத் தளர்த்தி, பிறகே தாவலைத் தொடங்க வேண்டும். அசையாமல் நீட்டிப் பிடிக்கும் பயிற்சிகளை முடிவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக்காலில் உட்கார்ந்தெழுதல், குதிகால் தூக்கி நிற்றல், வயிற்றுத் தசைக்கும் இடுப்பின் பின்தசைக்கும் உரிய பயிற்சிகள் ஆகியவை தாவலற்ற நாட்களிலும் தொடர வேண்டியவை. பனியில் அணியும் காலணி மிகவும் விறைப்பானதாகையால் கணுக்கால் அதற்குள் சுதந்திரமாக அசைவதில்லை. அவ்வாறு சோம்பிக்கிடக்கும் தசைகளைத் தரையில் தட்டியெழுப்புவது, தாவல் பயிற்சிக்கு நிகரான பலனுள்ளது என்றே சொல்வேன்.

இனிச் சொல்லப்போவது இளையவர்களைப் பற்றியது. அதுவே எனக்கு மிகவும் கவலையளிப்பதும். வளரும் பருவத்தில் எலும்பின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தகடுகள் இன்னும் இறுகாமல் இருக்கின்றன. குதிகாலின் பின்புறத்திலும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்புமேட்டிலும், இடுப்பு முதுகெலும்பிலும் தோன்றும் வலிகள் இப்பருவத்துத் தாவல்காரர்களிடம் அடிக்கடி காணப்படுவதற்கு அதுவே காரணம். திடீரென்று உயரம் கூடும் மாதங்களில் நேற்றுவரை வந்த தாவல் இன்று வராமற்போவதும் இயற்கையே. உடலின் நீளம் மாறினால் சுழற்சியின் கணக்கும் மாறிவிடுகிறது. அந்த மாதங்களில் தாவல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமேயன்றிக் கூட்டலாகாது. பனியில் கடுமையாகத் தாவிய நாளில் தரையிலும் தாவுவது ஒரே எலும்பின்மேல் இரட்டைச் சுமையாகும். இரண்டையும் சேர்த்தே கணக்கு வைக்க வேண்டும். களைத்தபின் செய்யும் கடைசித் தாவல்கள் கற்பிப்பது பிழையைத்தான். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், பெரியோர் பிரிவுப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்துவதென்று 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முடிவு செய்தது. இளம் ஆட்டக்காரர்களின் உடல்நலமும் மனநலமும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். மிகத் தேர்ந்தவர்களையும் தாவல் தண்டிக்காமல் விடுவதில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜப்பானிய வீரர் யுசுரு ஹன்யூ, 2017 நவம்பரில் ஒசாகாவில் போட்டிக்கு முந்திய பயிற்சியில் நான்கு சுற்று லட்ஸைச் செய்யப்போய் வலது கணுக்கால் தசைநாரைக் காயப்படுத்திக்கொண்டார். அதன்பின் நெடுநாள் தாவாமல் ஓய்ந்திருந்துவிட்டே, 2018 பிப்ரவரியில் பியோங்சாங்கில் இரண்டாம் முறையாகத் தங்கம் வென்றார்.

பிள்ளைகளை இத்துறையில் விட்டிருக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது: ஆசிரியர் காட்டிக்கொடுக்காத புதிய தாவலை வீட்டில் முயல அனுமதிக்காதீர்கள், ஒரு வேளைக்கு இத்தனை என்று ஆசிரியர் வகுத்த எண்ணிக்கையை, குழந்தை ஆசைப்பட்டாலும் மீறவிடாதீர்கள், தாவும்போது ஒரே இடத்தில் வலி திரும்பத் திரும்ப வந்தாலோ, இறங்கிய காலை ஊன்ற அஞ்சிக் குழந்தை நொண்டினாலோ, அன்றே தாவலை நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.