விடுதியில் இருக்கும் நம் பிள்ளை



“சனி, ஞாயிறில்கூட மகள் வீட்டுக்கு வருவதில்லையே, சார்!” என்று தோட்டத்துப் பெற்றோர் நம்மிடம் குறைப்படுவதுண்டு. காரணத்தைச் சற்றுப் பார்ப்போம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்தில் முதலாம் விடுதி 1959இல் தொடங்கியது. இன்று அங்கே பத்துக்கும் மேற்பட்ட விடுதிகள் உள்ளன. ‘கோலேஜ்’ என்று பிள்ளைகள் சொல்வது இவற்றைத்தான். பல இனத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். பெரும்பாலும் அறைக்கு இருவர்.

முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுவாக இடம் கிடைத்துவிடும். பின்வரும் ஆண்டுகளில் அந்த இடம் நிலைக்க வேண்டுமானால், விளையாட்டு, கலை நிகழ்ச்சி, பொதுப்பணி முதலியவற்றில் பங்குபெற்றுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இவற்றில் பல வார இறுதியில்தான் நடக்கும்.

இடம் கைநழுவினால் வெளியே அறை தேட வேண்டும். வாடகை, முன்பணம், மின்கட்டணம், போக்குவரத்து என்று செலவு ஏறும். பிள்ளை கல்விக் கடன் பெற்றிருந்தால் அந்தப் பணம் அதிலேயே கரையும். கடனோ பின்னர் திருப்பிக் கட்ட வேண்டியது.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை தொலைபேசியில், “ஏன் வரவில்லை?” என்று கடிந்துகொள்ளாதீர்கள். “புள்ளி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அம்மா?” என்று கேளுங்கள். நம் பிள்ளையும் மனம் மகிழ்ந்து பதில் சொல்லும்.