ஆலைக் கணினியும் பென் டிரைவும்

2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினியில் நச்சுநிரல் புகுந்த செய்தி பரவியபோது முதலில் கிடைத்த பதில், கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு சேராமல் தனித்து நிற்கிறது, அதைத் தாக்க முடியாது என்பதுதான். அங்கே உலைகளுக்கு எதுவும் நேரவில்லை. ஆனாலும் அந்தப் பதில் போதாது. ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலையும் இணையத்திலிருந்து துண்டித்தே வைக்கப்பட்டிருந்தது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், பென் டிரைவில் தொற்றிப் பரவும்படி எழுதப்பட்ட நிரல். டிரைவுக்குள் என்ன இருக்கிறது என்று விண்டோஸில் திறந்து பார்த்தாலே போதும், எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. அந்த ஆலையில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குகளின் சுழல்வேகத்தைக் கெடுத்துக்கொண்டே, கண்காணிப்புத் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது அது. ஏறத்தாழ ஆயிரம் மையவிலக்குகள் பழுதாகியிருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு.

ஸ்டக்ஸ்நெட் அரசுகள் செய்ததாகக் கருதப்படும் வேலை, சாதாரண ஆலையை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் குறிவைக்க வேண்டியதே இல்லை. 2012இல் அமெரிக்காவின் ஒரு மின்நிலையத்தில், பராமரிப்புக்கு வந்த ஒப்பந்த நிறுவனத்தின் பென் டிரைவிலிருந்து டர்பைன் கட்டுப்பாட்டுக் கணினிகள் பத்துக்குத் தொற்று பரவியது. நிலையம் மறுபடி இயங்க சுமார் மூன்று வாரம் தாமதமானது. 2016இல் ஜெர்மனியின் குண்ட்ரெம்மிங்கன் அணுமின் நிலையத்தில், 2008 முதல் உலவிவந்த கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழுவே கிடைத்தது. அங்கே பதினெட்டு டிரைவ்களில் நச்சுநிரல் இருந்தது.

பென் டிரைவ் செருகும் துளைகளை எல்லாம் பசை ஊற்றி அடைத்துவிட்டால் என்ன? கீபோர்டும் மவுஸும் அதே துளையில்தான் செருகப்படுகின்றன. இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவியின் நிரலை மாற்றவும், பதிவுகளை எடுக்கவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும் ஏதாவது ஒரு வழி வேண்டும். வழியே இல்லையென்றால் பொறியாளர் குறுக்குவழி தேடுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆன்ட்டிவைரஸை மட்டும் நம்பவும் முடியாது: இணையம் இல்லாத கணினிக்கு அதன் புதுப்பிப்பே பெரும்பாலும் பென் டிரைவில்தான் வரவேண்டும்! சேமிப்புக் கருவிகளை மட்டும் தடுத்தாலும் ஓட்டை உண்டு. பென் டிரைவின் உள்நிரலை மாற்றி, அது தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ள வைக்கலாம் என்று 2014இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் செய்தே காட்டினார்கள்.

ஆகவே பயன்படாத துளைகளுக்குப் பூட்டு, ஆலையே பதிவுசெய்து கொடுக்கும் டிரைவ், வெளியார் டிரைவைச் சோதித்துத் தேவையான கோப்பை மட்டும் ஆலையின் டிரைவுக்கு மாற்றித் தரும் தனிக் கணினி என மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். இயந்திரம் நின்றுகிடக்கும்போது சோதனைக்கு நேரம் ஏது என்பார்கள். அமெரிக்க நிலையம் இழந்த மூன்று வாரத்தோடு ஒப்பிட்டால் சில நிமிடங்கள் பெரிதல்ல. ஸ்டக்ஸ்நெட் போன்ற புதுச் சரக்கு இந்தச் சோதனையிலும் தப்பலாம், ஆனால் கான்ஃபிக்கர் தப்பாது. அந்தச் சோதனைக் கணினி நைட் ஷிஃப்டிலும் இயங்க வேண்டும், கட்டுப்பாட்டு அறைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் விதி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.