போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் திறந்த கதவு

விடுமுறைக்கு எந்தப் பழைய கோயிலைப் பார்க்கலாம் என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. தூரம் போகவே வேண்டாம். சின்னமனூரில் பூலாநந்தீசுவரர் இருக்கிறார். உத்தமபாளையத்தில் காளாத்தீசுவரர் கோயிலோடு, பாறையில் வட்டெழுத்துக்களுடன் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களும் உண்டு. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுதான் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் சொல்கிறது. அரசன் பெயர் அதில் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயரை எங்கே போய்த் தேடுவது?

இந்தக் கோயில் வாசல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. தலபுராணத்தில் அது கிடைக்காது.

ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறி நம் மக்கள் தாண்டும் போடிமெட்டு, அன்று மதராஸ் மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் எல்லை. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர், அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். மன்னர் மனமிரங்கினார் என்று பாடப்புத்தகம் போலச் சொல்லிவிட முடியாது. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே போராடிச் சிறை போனார்கள், பெரியாரும் போனார். மதம் மாறிவிடுவோம் என்று ஈழவர்கள் எழுப்பிய குரலும் அரண்மனையை அசைத்தது.

ஆக, மலைக்கு அந்தப் பக்கம் நுழைய உரிமை இருந்த அதே கூலியாள், இந்தப் பக்கம் இறங்கினால் கோபுரத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார் என்று படிக்கிறோம். உள்ளே காலெடுத்து வைத்தவர்களில் கக்கன் பெயர் மட்டும் நினைவில் நிற்கிறது. முத்து, சின்னையா, பூவலிங்கம், முருகானந்தம் ஆகியோரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களோடு நாடார் ஒருவரும் நுழைந்தார். அவர்கள் நுழைந்த பிறகுதான் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. மாகாணம் முழுமைக்குமான சட்டத்துக்கு 1947 வரை காத்திருந்தோம்.

இன்றும் 'இது எங்க ஊர் வழக்கம்' என்று திருவிழா நாளில் தடுப்பவர்கள் உண்டு. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்கு முன் அந்த வழக்கம் செல்லாது. வழிபாட்டிடத்தில் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் சொல்ல 14566 என்ற எண் இருக்கிறது.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கிளம்புங்கள். கூடலூரை ஒட்டிய பளியன்குடியில் இருந்து காட்டு வழியே ஏற வேண்டும். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அனுமதி. பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாதீர்கள், வனத்துறை வாங்கி வைத்துவிடும்.