டிக்: யார் பக்கத்துல இருந்து வந்தது?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். எட்டு வயசுப் பையனோட அம்மா எழுதியிருக்காங்க. பையன் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுறான், தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்கான். டாக்டர் பார்த்துட்டு 'டிக்'னு சொல்லிட்டார். அன்னையில இருந்து வீட்டுல ஒரே பஞ்சாயத்து, இது யார் பக்கத்துல இருந்து வந்ததுன்னு. மாமியார், "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படிக் கிடையாது"ன்னு முடிச்சுட்டாங்களாம். இவங்க கேட்கிறது இதுதான்: இது ஜீன்ல வருதா, இல்ல நான் கர்ப்பமா இருந்தப்ப ஏதாவது செஞ்சதால வந்ததா?

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். அதனால சிகிச்சை பத்திப் பேசப் போறதில்லை. காரணத்தை மட்டும் பார்ப்போம்.

டிக் என்பது திடீர்னு, திரும்பத் திரும்ப வர்ற ஒரு அசைவு அல்லது சத்தம். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனா தும்மல் மாதிரி உள்ளே முட்டிக்கிட்டே இருக்கும். பல அசைவு டிக்குகளும், ஒரு சத்த டிக்காவதும், ஒரு வருஷத்துக்கு மேல இருந்தால் அதற்கு டூரெட் சிண்ட்ரோம்னு பேர். சினிமாவுல காட்டுற மாதிரி கெட்ட வார்த்தை வர்றது கொஞ்சப் பேருக்குத்தான். பொதுவா 5-லிருந்து 7 வயசுக்குள்ள ஆரம்பிச்சு, 10–12 வயசுல உச்சத்துக்குப் போய், வளர வளர நிறையப் பேருக்குக் குறைஞ்சிடும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, மாமியாருக்குப் பதில் சொல்ல வேணும்.

1885-ல பாரிஸ்ல ஜார்ஜ் ஜில் டி லா டூரெட் 9 நோயாளிகளைப் பத்தி எழுதினப்பவே, இது பரம்பரையா வருதுன்னு நினைச்சார். நடுவுல பல பத்தாண்டுகள் இதை மனச்சிக்கல், வளர்ப்புச் சிக்கல்னு பார்த்தாங்க. திரும்ப ஜீன் பக்கம் திருப்பினதுல 1985-ல வந்த இரட்டையர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே கருமுட்டையில பிறந்த இரட்டையர்களில் ஒருத்தருக்கு டூரெட் இருந்தா, இன்னொருத்தருக்கும் இருந்தது 53 சதவீத ஜோடிகளில். தனித்தனி கருமுட்டையில பிறந்த இரட்டையர்களில் 8 சதவீதம்தான். ரெண்டு வகையும் ஒரே வீட்டுல வளர்ந்தவங்கதான், அதனால வளர்ப்பு மட்டும் காரணம்னா இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது.

சரி, ஜீன்தான். எந்த ஜீன்? 80-களில் ஒரே ஒரு ஜீன்ல முடிஞ்சிடும்னு நம்பினாங்க. எங்க வேலையில, ஒரே வரியில பக் இருக்கும்னு நம்பி உட்கார்றோமே, அதே நம்பிக்கை. 2005-ல எஸ்.எல்.ஐ.டி.ஆர்.கே.1 என்ற ஜீன் பெரிய செய்தியாச்சு. அடுத்து வந்த ஆய்வுகள் பலவற்றில் அது பெருசா தலைகாட்டலை. 2010-ல ஒரு குடும்பம் கிடைச்சது. அப்பாவுக்கும் அவரோட 8 பிள்ளைகளுக்கும் டிக். எல்லார்கிட்டயும் ஹெச்.டி.சி. என்ற ஜீன்ல ஒரே மாற்றம். மூளையில ஹிஸ்டமின் தயாரிக்கிற ஜீன் அது. அதே ஜீனை முடக்கின எலிகளிடமும் டிக் மாதிரியான அசைவுகள் தெரிஞ்சது. அருமையான கண்டுபிடிப்பு, ஆனா அந்த மாற்றம் ரொம்ப ரொம்ப அபூர்வம்.

மத்தவங்களுக்கு? 2019-ல 4,819 டூரெட் நோயாளிகளோட டி.என்.ஏ.வை, நோய் இல்லாத 9,488 பேரோட ஒப்பிட்டாங்க. புள்ளிவிவரக் கோட்டைத் தாண்டினது ஒரே ஒரு இடம். ஆனா கோட்டுக்குக் கீழே எக்கச்சக்கமான குட்டிக் குட்டி மாற்றங்கள். தனித்தனியா ஒண்ணும் செய்யாது, சேர்ந்தா தராசு சாயும். அந்தக் குட்டி மாற்றங்கள் நம்ம எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. அம்மாகிட்ட இருந்து பாதி, அப்பாகிட்ட இருந்து பாதி.

இதுல இன்னொரு திருப்பம். 2017-ல 511 குடும்பங்களில் அப்பா, அம்மா, பிள்ளை மூணு பேரோட ஜீனையும் படிச்ச ஆய்வு, சுமார் 12 சதவீத நோயாளிகளில், பெற்றோர் ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம பிள்ளைகிட்ட புதுசா வந்த மாற்றங்களுக்குப் பங்கு இருக்குன்னு கணிச்சது. இது எந்தப் பக்கத்துக் கணக்குல சேரும்?

இப்ப மாமியாருக்கு வருவோம். "எங்க பரம்பரையில இல்ல" என்பதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க? தாத்தாவுக்குப் பத்து வயசுல தோள் குலுங்கியிருக்கலாம், இருபதுல நின்னிருக்கலாம். யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதோட, டூரெட் வர்ற குடும்பங்களில் ஓ.சி.டி.யும் கூடுதலா தெரியுது, ஜீன்களும் ஓரளவு பொதுவானவை. பூட்டின கதவைப் பத்துத் தடவை இழுத்துப் பார்க்கிற சித்தப்பாவை நாம 'ஜாக்கிரதையான மனுஷன்'னு சொல்லியிருப்போம்.

ஒரு எண்ணைப் பத்தி எச்சரிக்கை. ஸ்வீடன்ல ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பார்த்த ஆய்வு ஒண்ணு, 2015-ல, டிக் கோளாறுகளோட மரபுப் பங்கு 77 சதவீதம்னு சொன்னது. உங்க பிள்ளைக்கு வர 77 சதவீத வாய்ப்புன்னு இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு ஜீனால விளக்க முடியும்ங்கிறதுதான் அது.

அடுத்த கேள்வி, கர்ப்ப காலம். அந்த 53-ஐத் திரும்பப் பாருங்க, அது ஏன் 100 இல்லை? ஒரே கோடு, ரெண்டு மெஷின், வேற வேற அவுட்புட். இங்கதான் எபிஜெனடிக்ஸ் வருது. டி.என்.ஏ. எழுத்து மாறாது. அது மேல மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி ஒட்டிக்கிட்டா அந்த ஜீன் அடங்கிப் போகலாம். கோடுல ஒரு வரியை அழிக்காம கமெண்ட் பண்ணி வைக்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அது. கருவறைச் சூழல் இந்தக் குறிகளை மாத்த முடியும். ஒரே கருமுட்டை இரட்டையர்களில் பிறக்கும்போது எடை குறைவா இருந்த குழந்தைக்கு டிக் அதிகம்னு 1992-ல ஒரு ஆய்வு சொன்னது. கர்ப்ப காலப் புகைப்பழக்கத்துக்கும் டிக்குக்கும் தொடர்பு சில ஆய்வுகளில் தெரியுது.

ஆனா இதை வச்சு யூட்யூப்ல "அம்மாவோட டென்ஷன் குழந்தையோட ஜீனை மாத்திடுச்சு"ன்னு பேசுறாங்களே, அதுக்கு ஆதாரம் கிடையாது. நெதர்லாந்து இரட்டையர் பதிவேட்டில் இருந்து 1,678 பேரோட ரத்தத்தில் மெத்தில் குறிகளை அலசிப் பார்த்த 2015 ஆய்வுல, உறுதியா நிற்கிற ஒரு இடம்கூடக் கிடைக்கலை. டிக் கிளம்புறது மூளையோட ஆழத்துல, பேசல் கேங்க்லியா வழியா ஓடுற சுற்றுகளில். ரத்தத்துல தேடினா அங்க நடக்கிறது முழுசா தெரியாது. உயிரோட இருக்கிற குழந்தையோட மூளையைத் திறந்து பார்க்கவும் முடியாது. அதனால எபிஜெனடிக்ஸ் இப்போதைக்கு ஒரு நல்ல சந்தேகம், அவ்வளவுதான். அதை வச்சு எந்த அம்மாவையும் கூண்டுல ஏத்த முடியாது.

பையனுக்கு பரீட்சை நேரத்துலயோ திட்டு வாங்கினப்பவோ டிக் கூடும், அது உண்மை. அந்த நேரத்துச் சூழல் ஏத்தி இறக்குறது அது, டிக் பிறந்த காரணம் வேற. அதனால "சிமிட்டாதே"ன்னு சொல்றதை மட்டும் இன்னைக்கே நிறுத்திடலாம்.

அந்தச் சுற்றுகள் எப்படி வேலை செய்யுது, டிக் வர்றதுக்கு முன்னாடி உடம்புல ஏன் ஒரு அரிப்பு மாதிரி தோணுதுன்னு அடுத்த எபிசோடுல பேசலாம். கேள்வி இருந்தா மெயில் போடுங்க.