கூட்டில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்!

ஏற்காடு மலை அடிவாரத்துப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்து எழுதுகிறேன். கொல்லையில் தேனீப் பெட்டி வைத்த என் அனுபவத்தை உங்களோடு பகிர்ந்து கொள்ள ஆசை.

பெட்டி வந்த அன்றே மாமியார், "கொட்டுற பூச்சிய யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று சத்தம் போட்டார். மகளுடைய காலேஜ் பீஸுக்கு ஒரு கை உதவுமே என்பதுதான் என் கணக்கு.

வேம்பும் புங்கனும் புளியும் பூத்த மாதங்களில் தேன் நிறைந்தது. மேல் அறையில் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பீஸ் கட்ட நாள் நெருங்க, நான் கீழ் அறையில் இருந்ததையும் வழித்து எடுத்துவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே பூ இல்லை, உள்ளே தீனி இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பெட்டி காலி! அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மாமியார்தான், "அதுங்களும் புள்ளகுட்டிக்காரிங்கதானே, வயித்துக்கு வெக்காம எடுத்தா இருக்குமா?" என்றார். மறு வருஷம் பெட்டி வாங்கப் பணம் கொடுத்ததும் அவரேதான்.

இப்போது என் வழக்கம் இதுதான். வாரம் ஒரு முறை, வெயில் ஏறுமுன் தேங்காய் நார்ப் புகை காட்டித் திறந்து பார்ப்பேன். ராணி முட்டையிடுகிறதா, மெழுகுப் பூச்சி வந்திருக்கிறதா என்று கவனிப்பேன். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. மழைக் காலத்தில் சர்க்கரைப் பாகு வைப்பேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம், மருந்து அடிப்பதானால் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1991-92ல் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் புழுக்களைத் தாக்கி, தமிழ்நாட்டில் ஏராளமான கூடுகள் அழிந்தன. 1924ல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் கிராமத்தாருக்குக் கற்றுக்கொடுத்து வளர்ந்த தொழில், அப்போது ஆட்டம் கண்டுவிட்டது.

கொட்டினால் பயப்படாதீர்கள். கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம்.

தேன் விற்ற காசில் மகளின் பீஸில் ஒரு பங்கு கட்டியாகிறது. அதோடு, முன்பு பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்த பூசணி இப்போது கொடி தாங்காமல் காய்க்கிறது. பூசணிக்குப் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோக ஆள் வேண்டுமே!

சாயங்காலம் பெட்டிப் பக்கத்தில் கட்டில் போட்டு உட்காருவது இப்போது மாமியார்தான். "எல்லாம் வீடு திரும்பிடுச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அடுப்படி வேலை ஓடும்.

தோழிகளே, கொல்லையில் இடமிருந்தால் ஒரு பெட்டி வைத்துப் பாருங்களேன். எடுக்கும்போது மட்டும், அதுகளுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்!

- ஒரு வாசகி, கொண்டப்பநாயக்கன்பட்டி.