‘திண்டுக்கல் பூட்டு’ ஆர்டர் போட்டா வேற பூட்டு வருதா? ஆன்லைன் மொத்த வியாபாரப் புகார் செய்தியாகும் முன் சரிபார்க்க வேண்டியது என்ன?

மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர், ஆன்லைன் மொத்த வியாபாரத் தளத்தில் ‘திண்டுக்கல் மாங்காய் பூட்டு’ என்று தேடுகிறார் என வைத்துக்கொள்வோம். 200 பூட்டுக்கு முன்பணம் அனுப்புகிறார். பார்சலைப் பிரித்தால் உள்ளே இருப்பது மெஷினில் தயாரான மலிவுப் பூட்டு. போனை எடுக்க ஆளில்லை. அடுத்து அவர் அழைப்பது ஒரு செய்தி சேனலை.

“திண்டுக்கல் பூட்டு மோசடி” என்று தலைப்பு போட்டால் பரபரப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடி யாருக்கு? விற்றவர் திண்டுக்கல்காரரே இல்லாமல் இருக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு இது. அலிகாரில் இருந்து வரும் மெஷின் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் பல பட்டறைகள் ஏற்கெனவே திணறுகின்றன. ஊர்ப் பெயரைத் திருடியவன் தப்பித்து, பெயரைப் பறிகொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது மாதிரி ஆகிவிடும் அந்தத் தலைப்பு.

அதனால்தான் நுகர்வோர் புகார் செய்திகளுக்கு முதல் விதி: புகார் என்பது ஆரம்பம், ஆதாரம் கிடையாது.

ஏமாற்றியது தளமா, விற்றவரா?

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் ஆர்டரும் பணமும் தளத்தின் வழியாகவே போகும். 1996-ல் தொடங்கிய இந்தியாமார்ட் போன்ற மொத்த வியாபாரத் தளங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. விற்பவர் தன் விவரத்தைப் பதிகிறார், வாங்குபவர் விசாரிக்கிறார், பிறகு இருவரும் நேரடியாகப் பேசிப் பணம் கைமாறுகிறது. ஆகவே ‘தளத்தில் இருந்த விற்பனையாளர் ஏமாற்றினார்’ என்பதும் ‘தளம் ஏமாற்றியது’ என்பதும் ஒன்றல்ல. நிருபர் கேட்க வேண்டியது: பணம் யார் கணக்குக்குப் போனது? தளத்திடம் புகார் கொடுக்கப்பட்டதா, எப்போது? அதற்குப் பிறகும் அந்த விற்பனையாளரின் பக்கம் அப்படியே இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், அப்போது தளத்தின் பொறுப்பும் செய்தியாகிறது.

இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதில் நீதிமன்றத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. விற்பனையாளர்கள் பொருளைப் பதியும்போது இந்தியாமார்ட் காட்டும் பட்டியலில் ‘பூமா’ பெயரும் வருகிறது, போலிகளுக்கு இது வசதியாகிறது என்று அந்த காலணி நிறுவனம் வழக்கு போட்டது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2025-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. முதல் தீர்ப்பைப் பெரிதாகப் போட்டுவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால், அது பாதிச் செய்திதான். பழைய செய்தியின் மேலேயே புதிய தகவலைச் சேர்க்க வேண்டும். கூகுளில் தேடுபவர் கண்ணில் படுவது அந்தப் பழைய பக்கம்தானே!

‘வெரிஃபைடு’ முத்திரையை நம்பலாமா?

பல தளங்களில் இந்த முத்திரை சொல்வது, ஜிஎஸ்டி எண்ணோ, செல்போன் எண்ணோ, முகவரியோ சரிபார்க்கப்பட்டது என்பதைத்தான். பூட்டின் தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. எதைச் சரிபார்த்தார்கள் என்று தளத்திடமே கேட்டு எழுதுவதுதான் முறை.

ஜிஎஸ்டி எண்ணை யார் வேண்டுமானாலும் அரசு இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பதிவான பெயர், பதிவு தேதி, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, உத்தரப் பிரதேசத்துக்கு 09. ‘திண்டுக்கல் தயாரிப்பு’ என்று சொல்பவரின் எண் 09-ல் தொடங்கினால் அது ஒரு நல்ல கேள்வி. கேள்வி மட்டும்தான், தீர்ப்பு இல்லை. இங்கே வாங்கி அங்கே விற்பவராகவும் இருக்கலாம். அதேபோல ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்பதற்காக ஒருவர் போலி ஆகிவிடமாட்டார். மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு பட்டறைக்கு அது பொதுவாகக் கட்டாயமில்லை.

கடைக்காரர் ‘நுகர்வோர்’ ஆவாரா?

இங்கேதான் பல செய்திகள் சறுக்குகின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல. நம்ம மதுரைக் கடைக்காரரிடம் “நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க” என்று சொன்னால் அவர் அலைச்சல்தான் படுவார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, தானே ஓட்டுவதற்கு ஒரு லேத் மெஷின் வாங்கும் பட்டறைக்காரர் நுகர்வோர்தான். கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995-ம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. அதனால் பொருளை எதற்காக வாங்கினார் என்று கேட்காமல் எழுதும் செய்தி, வாசகரைத் தப்பான கதவைத் தட்ட வைக்கும்.

மறுதரப்பும் விளம்பரமும்

“கருத்து கேட்க முயன்றோம், கிடைக்கவில்லை” என்ற வரி பல செய்திகளின் கடைசியில் வரும். ஒளிபரப்புக்குப் பத்து நிமிடம் முன் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு அதை எழுதுவது மோசடிக்கு மோசடி. குற்றச்சாட்டை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். பதில் வந்தால் கடைசி வரியில் ஒளித்து வைக்கக் கூடாது. சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது: அவதூறு வழக்கில் செய்தி உண்மை என்பது மட்டும் போதாது, அதை வெளியிட்டதில் பொது நன்மையும் இருக்க வேண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு.

விமர்சிக்கப்படும் தளம் அதே சேனலுக்கு விளம்பரம் தருகிறது என்றால், அதைச் செய்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1936-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ விளம்பரமே வாங்குவதில்லை. சோதிக்கும் பொருளைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரிக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது. நம்ம ஊரில் ஒரு சேனல் அப்படி ஓடுவது கஷ்டம். ஆனால் சந்தேகப் பூட்டைப் பெயர் சொல்லாமல் ஆர்டர் போட்டு, பில்லோடு வாங்கிப் பார்க்கப் பெரிய செலவாகாது.

செய்தியே தப்பாக வந்தால்?

பட்டறைக்காரரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, செய்தித் தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் மீது 15 நாளில் முடிவெடுக்க வேண்டும். சேனல் உறுப்பினராக இருந்தால், என்பிடிஎஸ்ஏ என்ற ஒளிபரப்புத் தர ஆணையத்திடமும் போகலாம்.

பணத்தை இழந்தவர் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நுகர்வோர் புகாருக்கு 1915. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விற்பனையாளர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, இவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். போலீசும் கேட்கும், ஒழுங்காக வேலை பார்க்கும் நிருபரும் கேட்பார்.