மூளையின் தாய்: மூன்று உறைகளும் ஒரு எச்சரிக்கையும்

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே மூன்று சவ்வுகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். ஓட்டின் உட்புறத்தை ஒட்டி, தோல் போலத் தடித்திருப்பது டியூரா மேட்டர். அடுத்தது சிலந்தி வலை போன்ற அராக்னாய்டு. மூளையின் மடிப்புகளுக்குள்ளும் இறங்கி ஒட்டியிருப்பது மெல்லிய பையா மேட்டர். பின்னிரண்டுக்கும் இடையே உள்ள திரவத்தில் மூளை மிதக்கிறது.

'மேட்டர்' என்றால் லத்தீனில் தாய். பெயர் வைத்தது லத்தீன்காரர்கள் அல்ல. அரபு மருத்துவர்கள்தான் இந்த உறையை 'உம்முத் திமாக்', அதாவது மூளையின் தாய் என்றார்கள். 10ஆம் நூற்றாண்டில் அலீ இப்னுல் அப்பாஸ் எழுதிய மருத்துவ நூலை 1127இல் அந்தியோக்கியா ஸ்டீபன் லத்தீனில் மொழிபெயர்த்தபோது, அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போனது.

டியூராவுக்கும் எலும்புக்கும் இடையே ஒரு தமனி ஓடுகிறது. நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. பைக்கிலிருந்து விழுந்து அங்கே அடிபட்டால் தமனி கிழியலாம். கசியும் இரத்தம் டியூராவை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டுதான் இடம் பிடிக்க வேண்டும். அதனால் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசுவார், "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கே போய்விடுவார். சில மணி நேரத்தில் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் அழுத்தும், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரியலாம். அசதி என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுகிறார்கள். அப்போது தேவை சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை. உரிய நேரத்தில் ஓட்டைத் திறந்து இரத்தத்தை அகற்றினால் பலர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.